குதிகாலும் மாங்காய்ப் பத்தையும்

செங்கல்பட்டு,
வெள்ளிக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் தாவீது அவர்களுக்கு, உங்கள் தங்கை ரெபேக்காளின் புருஷன் ஏசுபாதம் ஸ்தோத்திரத்தோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் சரீரத்தில் சுகமாக இருக்கிறோம். மற்றபடி சுகமா என்று கேட்டால், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. படாளத்தில் நீங்களும் அக்காவும் சௌக்கியம்தானே, அக்காவின் முழங்கால் வலிக்கு நான் சொன்ன தைலம் கேட்டதா, சபையில் கூரை வேலை முடிந்ததா என்பதையெல்லாம் நான் போனிலேயே விசாரித்திருப்பேன். நீங்கள் போனை எடுப்பதில்லை. குடும்ப வாட்ஸப் குரூப்பை விட்டும் வெளியேறிவிட்டீர்கள். நீங்கள் வெளியேறிய செய்தி வந்ததும் கீழே யாரோ கைதட்டுகிற படம் போட்டதாகக் கேள்விப்பட்டு நீங்கள் மேலும் வருத்தப்பட்டதாகத் தெரிந்தது. அது நான் இல்லை. உங்கள் தங்கைதான், கும்பிடுகிற படம் என்று நினைத்துக் கண்ணாடி போடாமல் அழுத்திவிட்டாள். நேரில் வரலாம் என்றால், பஸ் ஏறி வந்து வாசலில் நின்று திரும்பிப் போகிற வயசும் எனக்கு இல்லை. அதனால் தபால். கதவைச் சாத்தலாம், போனை அணைக்கலாம், தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிய கடிதத்தைப் படிக்காமல் இருக்க உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த அந்த வீடியோ உண்மையல்ல. அதில் நம் பெண் பிரிசில்லாவும் யாரோ ஒரு பையனும் ஒட்டி உட்கார்ந்துகொண்டு ஒரே மாங்காய்ப் பத்தையை ஆளுக்குப் பாதியாகத் தின்பதுபோல் தெரிகிறதே, அது முழுக்க முழுக்கக் கேமராவின் கோளாறு. இதைக் கணக்குப் போட்டே நிரூபித்தாகிவிட்டது. ஜான்சன் தம்பி வீட்டில் நீங்கள் இன்னும் ‘இந்த இடம் வேண்டாம்’ என்று சொல்லவில்லை என்றால் தயவுசெய்து சொல்ல வேண்டாம். சொல்லிவிட்டீர்கள் என்றால் இதைப் படித்து முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி ஒரு நடை போய்வரவும். நீங்களே பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்த வரன், கார் கம்பெனியில் நிரந்தர வேலை, சபையில் கிட்டார் வாசிக்கிற பிள்ளை. ஒரு மாங்காய்க்காக இதை நான் விடமாட்டேன்.

என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர் உத்தியோகம் எனக்குச் சோறு போடுகிறது என்றாலும், என்னை நாலு பேர் ‘சார்’ என்று எழுந்து நின்று கும்பிடுவது கபடி நடுவர் என்பதற்காகத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். நான் விசில் அடித்தால் அடித்ததுதான். வீட்டிலும் அப்படியே பழகிவிட்டது. வஞ்சிரத்தின் நடுத்துண்டு யாருக்கு, டிவியில் பிரசங்கமா சீரியலா என்பதற்கெல்லாம் நான் சொல்வதுதான் முடிவு என்று உங்கள் தங்கை ஊரெல்லாம் சொல்வாள், பிறகு அவள் இஷ்டப்படிதான் செய்வாள். இந்த வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான கபடி இறுதிப் போட்டி மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மைதானத்தில் நடந்தது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜும் மதுராந்தகம் பக்கத்து ஆர்ட்ஸ் காலேஜும் மோதின. போன வருஷ இறுதிப் போட்டியில் நடுவர் கொடுத்த ஒரு தீர்ப்பைப் பிடிக்காத யாரோ அவருடைய ஸ்கூட்டரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அலை வந்து பாதி ஸ்கூட்டரை நனைத்துவிட்டது. அதனால் இந்த வருஷம் சந்தேகமே வரக்கூடாது, வீடியோவைத் திருப்பிப் போட்டுப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டார்கள். நான் எதிர்த்தேன். என் கண் இருக்கும்போது இன்னொரு கண் எதற்கு என்றேன். தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான்.

தீர்மானம் போட்டார்களே தவிர, டிவியில் காட்டுகிற மாதிரி எட்டுப் பக்கமும் கேமரா வைக்க இங்கே யார் இருக்கிறார்கள்? கல்யாண வீடியோ எடுக்கிற கிருபாகரனைப் பிடித்தார்கள். நல்ல மனிதர், சிங்கப்பெருமாள் கோயில் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். நீளக் கழி முனையில் கேமராவைக் கட்டித் தலைக்கு மேலே சுற்றவிடுகிற கிரேன் ஒன்று, கல்யாண மண்டபத்தில் மேடையைப் பெரிதாகக் காட்டுகிற எல்.ஈ.டி. திரை ஒன்று, இரண்டையும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு முந்தின நாள் ரிசப்ஷன் முடிந்த கையோடு வந்து சேர்ந்தார். நான் அவரிடம் கோடு முக்கியம், கோட்டை விட்டு கேமராவை எடுக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையை நன்றாகத்தான் ஆட்டினார்.

பிரிசில்லா அன்றைக்கு அப்பா நடுவராக நிற்பதைப் பார்க்கிறேன் என்று ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நான் எவ்வளவு பூரித்துப்போனேன் தெரியுமா. அவள் இதுவரை என் ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. அவள் ஆபீஸில் கூட வேலை செய்கிற சில பேரும் வந்திருந்ததாகவும், அதில் ரோஹித் என்கிற பையன் அந்த இன்ஜினியரிங் காலேஜின் பழைய மாணவன் என்றும் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. நான் அன்றைக்கு ஆட்டத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. என் தொழில் அப்படி.

ஆட்டம் கடைசிவரை சமமாக வந்தது. கடைசிப் பாட்டு இன்ஜினியரிங்காரர்களுக்கு, கேலரியே எழுந்து நின்றது. அவர்களுடைய ரெய்டர் ‘கபடி, கபடி’ என்று பாடிக்கொண்டு எதிர்ப் பக்கம் போனான், உயரமான பையன், நல்ல வேகம். ஓரத்தில் நின்ற ஆர்ட்ஸ் பையன் கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தான், இவன் பக்கவாட்டில் துள்ளினான். கபடியில் யாரையும் தொடுவதற்கு முன் பக்கக் கோட்டுக்கு வெளியே கால் வைத்தால் ஆள் அவுட், எதிர் அணிக்குப் புள்ளி. அவனுடைய இடது குதிகால் வெள்ளைக் கோட்டைத் தாண்டி விழுந்ததை நான் பார்த்தேன், மச்சான். இந்தக் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அவன் ஆளைத் தொட்டான், நடுக்கோட்டுக்குப் பாய்ந்தான், இன்ஜினியரிங் கூட்டம் குதித்து ஆடியது. நான் விசில் அடித்து அவுட் என்று கையைத் தூக்கினேன். உடனே அவர்களுடைய கோச் மைதானத்துக்குள்ளே ஓடி வந்து வீடியோ போடு, வீடியோ போடு என்று திரையைக் காட்டினார். கமிட்டித் தலைவரும் மைக்கில் வீடியோ போடச் சொன்னார்.

திரை ஒளிர்ந்தது. முதலில் ரோஜா இதழ்கள் கொட்டின. முந்தின நாள் ரிசப்ஷனுக்குப் போட்ட டிசைனைக் கிருபாகரன் எடுக்க மறந்துவிட்டார். சுற்றிலும் பூ பார்டர், கீழே தங்க எழுத்தில் ‘ஸ்ரீதேவி – தாமோதரன்’ என்று ஜோடியின் பெயர் மின்னுகிறது. இந்தப் பூக்களுக்கு நடுவில் கோடு இல்லை, ரெய்டர் இல்லை, கபடியே இல்லை. கேலரியில் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், அந்தக் கூட்டத்துக்கு நடுவில் இரண்டே பேர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்று பிரிசில்லா. மாங்காய்ப் பத்தையை ஒரு கடி கடிக்கிறாள், உறைப்பு தாங்காமல் கண்ணைச் சுருக்குகிறாள், மிச்சத்தைப் பக்கத்தில் இருக்கிற பையன் வாயருகே கொண்டுபோகிறாள், அவன் வாயைத் திறக்கிறான். எல்லாம் ஸ்லோ மோஷனில். கோச் ‘பின்னாடி போ, பின்னாடி போ’ என்று கத்தினார். கிருபாகரனின் உதவியாள் பின்னாடி ஓட்டினார். அந்தப் பையன் வாயிலிருந்து மாங்காய் வெளியே வந்தது, பிரிசில்லா கைக்குத் திரும்பியது, அவள் வாயில் போய் முழுப் பத்தையாக வெளியே வந்தது. கூட்டம் இன்னொரு தடவை கேட்டது. இன்னொரு தடவை போட்டார்கள். ஆர்ட்ஸ்காரர்களும் இன்ஜினியரிங்காரர்களும் அன்றைக்கு முதல் தடவையாகச் சேர்ந்து கைதட்டினார்கள்.

நான் மைதானத்தின் நடுவில் தூக்கிய கையோடு நிற்கிறேன். இறக்கினால் தீர்ப்பை மாற்றிக்கொண்டதாக எழுதிவிடுவார்கள். தூக்கியே வைத்திருந்தால், திரையில் நடப்பதற்கு நான் ஆசீர்வாதம் செய்கிற மாதிரி இருக்கிறது. நீங்கள் பார்த்தது யாரோ திரையைப் போனில் பிடித்து அனுப்பிய வீடியோ, அதில் ஓரத்தில் ஒரு கை தெரிகிறதே, அது அந்தக் கைதான், ஆசீர்வாதம் இல்லை என்பதை நீங்கள் ஜான்சன் தம்பியின் அம்மாவுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வீடியோவில் கோடே தெரியாததால் என் தீர்ப்பே நின்றது, கோப்பை ஆர்ட்ஸ்காரர்களுக்குப் போனது. கிருபாகரனை ஆட்டம் முடிந்து தனியாகப் பிடித்தேன். அவர் ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. “சார், கல்யாண வூட்ல எல்லாரும் எந்திரிச்சிட்டா மேடை மறைஞ்சிடும். கை தானா கூட்டத்துப் பக்கம் திரும்பிடும். குந்திகினு கீற ஜோடியப் புடிச்சாதான் ஆல்பம் நல்லா வரும். பழக்க தோசம் சார்” என்றார். கோபப்படலாம் என்று நினைத்தேன், கோபம் வரவில்லை. இத்தனை வருஷமாக எல்லோரும் எழுந்ததும் நானும் கோட்டைத்தான் பார்க்கிறேன், வேறெதையும் பார்ப்பதில்லை. அவரவர் கண் அவரவர் தொழிலில்.

நான் செங்கல்பட்டு வந்து பஸ் இறங்குவதற்குள் வீடியோ எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. ரெபேக்காள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. “அம்மாந்தூரத்துல ஒருத்தன் குதிகாலு கோட்டத் தாண்டுனது ஒனுக்குத் தெர்ஞ்சிச்சு. ஒன் பொண்ணு எதிர்லியே குந்திகினு மாங்கா ஊட்டிகினு கீறது தெர்லியா” என்றாள். விதிப் புத்தகத்தில் இதற்கு இடமில்லை. அன்று சாயங்காலமே ஜான்சன் தம்பியின் அம்மா உங்களுக்குப் போன் செய்ததும், நீங்கள் குரூப்பை விட்டுப் போனதும் நடந்தது. பிரிசில்லாவிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. ஆபீஸ் போகிறாள், வருகிறாள், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறாள்.

இரண்டு நாள் கழித்துக் கமிட்டியிலிருந்து கூப்பிட்டார்கள். ரோஜா இதழையும் பூ பார்டரையும் எடுத்துவிட்டுக் கேமராவில் பதிவான அசல் படத்தைத் தலைவர் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். மச்சான், அந்தப் படத்தின் இடது கீழ் மூலையில், முன்பு தங்க எழுத்து மறைத்திருந்த இடத்தில், அந்தப் பையனின் குதிகால் இருந்தது. கோட்டுக்கு வெளியே. இன்னும் ஆளைத் தொடவில்லை. தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊரே என்னைக் குருடன் என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் குதிகாலைப் பார்த்தது எனக்கு எப்படி இருந்தது என்று எழுத்தில் சொல்ல எனக்கு வராது.

அந்தச் சந்தோஷம் தலைவர் நாற்காலியில் மறுபடி உட்காரும்வரைதான் இருந்தது. இன்ஜினியரிங் காலேஜ் புகார் கொடுத்திருக்கிறது, அதனால் நான் ‘இந்த வீடியோ நடந்ததை உள்ளபடி காட்டுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு படத்தை இரண்டு காலேஜிலும் காட்டித் தீர்ப்பை உறுதி செய்வார்கள் என்றார். நான் ஏற்கவில்லை என்றால் மறு ஆட்டம், என் பெயர் நடுவர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே படம். கீழ் மூலையில் என் மானம், நடுவில் என் மகள். குதிகால் உண்மை என்றால் மாங்காயும் உண்மை. மாங்காய் பொய் என்றால் குதிகாலும் பொய். நான் மெதுவாக, இடது கீழ் மூலையை மட்டும் ஏற்றுக்கொள்வதாக எழுதலாமா என்று கேட்டேன். பாதிப் படம் நிஜம், பாதிப் படம் பொய் என்று எந்த ஆபீஸில் எழுதுவார்கள் என்று தலைவர் திருப்பிக் கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக்கொடுக்கச் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் கேசவன் சார் வந்தார். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சிப் பிரிவில் பெரிய அதிகாரி, கும்பகோணம் பக்கத்துக்காரர், திரையில் மாங்காய் தின்ற அந்த ரோஹித்தின் அப்பா. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் பின்வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஆனால் அவர் கையில் கிராஃப் தாள், ஸ்கேல், சீவின பென்சில். அவர் வீட்டிலும் ரோஹித்துக்குக் கும்பகோணத்தில் பெண் பார்த்து முடிவாகிற சமயம், அங்கேயும் இந்த வீடியோ போய்விட்டது. நம் ஜனம் யார், அவர் ஜனம் யார் என்பதையெல்லாம் நான் உங்களுக்கு எழுதித் தெரிய வேண்டியதில்லை. ரெபேக்காள் காபியை வைத்துவிட்டு இவர் நம் வீட்டில் குடிப்பாரா என்று ஓரமாக நின்று பார்த்தாள். குடித்தார். கணக்கில் மும்முரமாகி இன்னொரு டம்ளரும் கேட்டார்.

கேசவன் சாரின் விளக்கம் இதுதான், ஜான்சன் தம்பி வீட்டில் அப்படியே சொல்லவும். தூரத்தில் இருப்பதை ஜூம் போட்டு இழுத்தால், முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒட்டிக்கொண்ட மாதிரி தெரியும். பிரிசில்லா ஒரு வரிசையில் இருந்தாள், பையன் நாலு வரிசை பின்னால் இருந்தான், லென்ஸ் அவர்களைப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது. கோடு கோடாகப் போட்டு அம்புக்குறி வைத்து வரைந்து காட்டினார். நானும் விடாமல், அப்படியானால் இவள் கையிலிருந்த மாங்காய் அவன் வாய்க்குள் போனது எப்படி என்று கேட்டேன். அவர் பென்சிலைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்துவிட்டு, மாங்காய் இரண்டு என்றார். பிரிசில்லா தன் மாங்காயைக் கீழே நீட்டிப் போட்டுவிட்டாள், அதே கணத்தில் பின்வரிசையில் அவன் தன் பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டான், இரண்டும் படத்தில் ஒன்றாகிவிட்டன. நாங்கள் கூடத்தில் சொம்பையும் டம்ளரையும் வைத்துச் சோதனை செய்தோம். அவர் போனில் பார்த்தால் இரண்டும் நிஜமாகவே ஒட்டித் தெரிந்தன. ரெபேக்காள் அந்தப் பக்கமாகப் போனவள், மாங்காயில் உப்பு காரம் போட்டிருந்ததா என்று கேட்டு அதையும் படத்தில் வரையச் சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் கண்டுகொள்ளவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இரண்டு பிள்ளைகளையும் பிரித்து உட்கார வைக்க நாங்கள் இரண்டு பேரும் அப்படி ஒற்றுமையாக வேலை செய்தோம்.

எல்லாம் முடிந்து எழுந்தபோதுதான் அவர் தயங்கினார். நான் என்னவென்று கேட்டேன். “ஏசுபாதம் சார், லென்ஸ் ஒண்ணுதான். என் பையனுக்கு ஒரு ஃபிசிக்ஸ், உங்க ரெய்டர் காலுக்கு ஒரு ஃபிசிக்ஸ்னு கிடையாது” என்றார். அவர் சொன்னது எனக்கு முன்பே தெரிந்ததுதான், இருந்தாலும் அடுத்தவர் வாயால் கேட்டபோது உள்ளே எங்கேயோ வலித்தது.

யோசித்தேன். ஆர்ட்ஸ் காலேஜ் பிள்ளைகள் கோப்பையை ஷேர் ஆட்டோவில் வைத்து மதுராந்தகம் முழுக்கச் சுற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். பாதிப் பேர் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் கூலி வேலைக்குப் போய்வந்து படிக்கிறவர்கள். அவர்களிடமிருந்து அதைப் பிடுங்கி மறுபடி ஆடு என்று சொல்ல வேண்டும். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று என் கையால் எழுத வேண்டும். இருந்தாலும் பெற்றவன் நான் அல்லவா. இன்று காலை உட்கார்ந்து, ‘மேற்படி வீடியோ கேமராவின் கோணத்தால் தவறாகக் காட்டுகிறது, நான் அதை ஏற்கவில்லை, என் தீர்ப்பிலும் எனக்கு உறுதியில்லை’ என்று எழுதிவிட்டேன். விசிலைக் கழற்றி அலமாரியில் வைத்தேன், ரெபேக்காள் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். உங்கள் தங்கை பேசாமல் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே மச்சான், என் உத்தியோக கௌரவத்தையே வைத்து நான் சொல்கிறேன், அந்த வீடியோ பொய். இத்துடன் கேசவன் சாரின் வரைபடத்தை வைத்திருக்கிறேன். ஜான்சன் தம்பியின் அப்பாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே ஒரு சொம்பும் அதற்குப் பின்னால் ஒரு டம்ளரும் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்லவும். புரியவில்லை என்றால் இரண்டு கண்ணையும் மூடச் சொல்லவும். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர்கள் பெண் பார்க்க வரலாம். கேசரி, வடை எல்லாம் உங்கள் தங்கை செய்துவிடுவாள். அக்காவை நான் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் இரத்தக் கொதிப்பு மாத்திரையை நேரத்துக்குப் போடவும், அதைப் போட்ட பிறகே இந்தக் கடிதத்தைப் படிக்கவும். தேவனுடைய கிருபை உங்கள் வீட்டின்மேலும், முடிந்தால் மறுபடி நம் குடும்ப குரூப்பின்மேலும் தங்குவதாக.

இப்படிக்கு,
உங்கள் கோபத்துக்கு என்றும் கட்டுப்பட்ட,
ஏசுபாதம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை ரத்தானதாகக் கருதவும். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் கை வலிக்கிறது, அதனால் அப்படியே அனுப்புகிறேன்.

கடிதத்தை முடித்துவிட்டு நான் கவர் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். கமிட்டிக்கு எழுதியதும் உங்களுக்கு எழுதியதும் மேஜைமேல் விரித்தபடி கிடந்தன. திரும்பி வந்தால் பிரிசில்லா ஆபீஸிலிருந்து வந்து, தோள்பையைக்கூட இறக்காமல், இரண்டையும் படித்துக்கொண்டிருந்தாள். நான் லென்ஸ், கோணம், நாலு வரிசை என்று ஆரம்பித்தேன். அவள் நான் முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டாள். அப்புறம், “நீ பார்த்தேன்னா அது நடந்திருக்கும்பா. நீ குடுத்தது கரெக்டு. வீடியோவும் கரெக்டு. மாங்கா ஒண்ணுதான், ரெண்டு இல்ல” என்றாள். அவள் எழுந்து நின்றுகொண்டு, “அந்தப் பையன் கால் தவறி வெளிய போனான். நான் தெரிஞ்சுதான் போனேன். எனக்காக நீ பொய் எழுதாத” என்றாள். சமையலறை வாசலில் ரெபேக்காள் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது ரொம்ப நாளாகவே தெரியுமாம்.

கமிட்டிக்கு எழுதியதைக் கிழித்துவிட்டேன். வீடியோ மேலிருந்து கீழ்வரை, மூலைக்கு மூலை, உள்ளபடி உண்மை என்று புதிதாக எழுதிக் கொடுத்தனுப்பியாகிவிட்டது. கோப்பை ஆர்ட்ஸ் பிள்ளைகளிடமே இருக்கும். கேசவன் சாருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் தாழ்ந்த குரலில், தன் மனைவி அமிர்தவல்லி அந்த வீடியோவைப் போனில் வைத்துக்கொண்டு அடிக்கடி பார்ப்பதாகவும், அந்தப் பெண் பத்தையில் சின்னப் பாதியைத் தான் கடித்துவிட்டுப் பெரிய பாதியைத்தான் நம் பையனுக்குக் கொடுத்திருக்கிறாள் என்று சொல்வதாகவும் சொன்னார். அதற்கும் ஒரு லென்ஸ் விளக்கம் சொல்லிப் பார்த்தாராம், அந்த அம்மாள் கேட்கவில்லையாம். சரி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அதே ஞாயிற்றுக்கிழமை பேச வருகிறார்கள், அவ்வளவுதான். கேசரியும் வடையும் அவர்களுக்காக என்று ஆகிவிட்டது. ஜான்சன் தம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாக நேரில் போய்ச் சொல்லவும். நல்ல பிள்ளை, அவருக்கு ஒரு குறையும் வராது.

உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, சபையில் என்ன பேசுவார்கள், அவர்கள் பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்று. ஆனால் ஒன்று சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ பேரை அவுட் கொடுத்திருக்கிறேன். ஒருத்தன்கூட ஆமாம் சார், நான் அவுட்தான் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. முதல் முதலாகச் சொன்ன ஆள் என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள். அப்படிச் சொல்கிற ஆளை வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, மச்சான். தாய்மாமன் இல்லாமல் நாங்கள் பேச்சைத் தொடங்க மாட்டோம். தீர்ப்பில் ஆட்சேபணை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பிரிசில்லாவிடமே அப்பீல் செய்துகொள்ளவும். சாப்பாடு உண்டு.